இறக்கிய எண்ணெய்

அரியாங்குப்பத்தில் எங்கள் தெருவில் சொல்தா என்று சொன்னால் அவர் ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற சொல்தாக்கள் சாயங்காலமானால் கடற்கரைப் பக்கம் போய் சீட்டாடுவார்கள், குடிப்பார்கள், சைகோன் கதை பேசுவார்கள். இவர் லாரிக்கு அடியில் படுத்துக் கிடப்பார்.

ராணுவ ஏலத்தில் எடுத்த டீசல் லாரி அது. மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தாலும் கீறல் விழுந்த இடத்திலெல்லாம் பட்டாளத்துப் பச்சை தெரியும். மற்ற லாரிகளைவிட உயரம். அதற்கு நான் டிரைவர். ஏழாவதோடு படிப்பை விட்டு, கிளீனராகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, எழுபதுகளின் நடுவில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆற்று மணலும் செங்கல்லும் ஏற்றுவோம்.

அவரை நினைத்தால் எனக்கு ஒரு காலை நேரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. வாழ்நாள் முழுக்கச் செய்யவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காரியத்தை அன்று அவர் எனக்காகச் செய்தார். என் மனைவியும் மகளும் உயிரோடு இருப்பது அதனால்தான். அவர் பழைய மனுஷராக இல்லாமல் போனதும் அதனால்தான். இதை நினைக்காமல் நான் படுத்துத் தூங்கிய நாள் குறைவு.

அந்தக் காரியம் என்ன என்று புரிய வேண்டுமானால் அவருடைய விதாஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஞ்சின் எண்ணெய் மாற்றுவதற்குப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம். நாலாயிரம் கிலோமீட்டர், அல்லது மூன்று மாதம், எது முந்துகிறதோ அன்றைக்கு விதாஞ்சு. மணல் அடிக்கிற வண்டி என்றால் அதில் பாதி. பட்டாளத்தில் அவர் மோட்டார் பிரிவில் இருந்தவர். அங்கே இருந்த சட்டத்தை அப்படியே அரியாங்குப்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"வண்டி ஓடவே இல்லியே முசியே, மழைக்கு நின்னுதானே கெடந்துது" என்று ஒருமுறை கேட்டேன். முசியே என்றுதான் கூப்பிட வேண்டும். ஐயா என்றால் திரும்ப மாட்டார்.

"நின்னா எண்ணெ தூங்குதுன்னு நெனச்சியா? ராத்திரிக் குளுருக்கு இஞ்சினுக்குள்ள வேர்க்கும்டா. அந்த வேர்வைய யாரு குடிக்கிறது? எண்ணெதான். வெளிய பாத்தா பொன்னு மாதிரி இருக்கும். உள்ள கெட்டுப் போயிருக்கும்."

எண்ணெய் டின்னில் எண் போட்டிருக்கும். பத்து, முப்பது, நாற்பது என்று. பத்து தண்ணீர் மாதிரி ஓடும், பனி விழுகிற மலைகளுக்கு. நாற்பது பாகு மாதிரி இறங்கும், நம் வெயிலுக்கு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த டிரைவர், அளவு குறைந்திருக்கிறதே என்று முப்பதை வாங்கி நாற்பதோடு சேர்த்து ஊற்றிவிட்டான். அன்று சாயங்காலமே அவனை நிறுத்திவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு. இறக்கிய எண்ணெயைத் திரும்ப ஊற்றவே கூடாது.

"எறக்கிட்டா அது பொணம். பொணத்த எழுப்பி வேலைக்கு அனுப்புவியா நீ?"

வண்டி சூடாக வந்து நின்றதும் அடியில் படுத்து, எஞ்சினுக்குக் கீழே இருக்கும் எண்ணெய்ச் சேம்பரின் நட்டைக் கழற்றுவார். ஆறவிட்டால் அழுக்கு அடியில் தங்கிவிடும். பாதியாக வெட்டிய டிரம் ஒன்றில் எண்ணெய் விழும். மறுநாள் காலை வரை சொட்டச் சொட்ட விட்டுவிடுவார். நட்டை மண்ணெண்ணெயில் கழுவிக் காகிதத்தில் வைப்பார். இறக்கிய எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். இன்னொரு சொட்டைக் காகிதத்தில் விட்டு, அது எப்படிப் பரவுகிறது, நடுவில் எவ்வளவு கறுப்பு நிற்கிறது என்று பார்ப்பார். அந்தக் காகிதங்களைத் துணி காயும் கொடியில் மாட்டி வைப்பார். அவர் மனைவியை நாங்கள் மதாம் என்போம். தெருவில் யாராவது கேட்டால் அந்த அம்மா சொல்லும்:

"அதுங்களா? எங்க வூட்டுப் புள்ளைங்க. குளிப்பாட்டிக் காயப் போட்டிருக்காரு."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

வண்டியின் விதாஞ்சுக்கு மறுநாள் தனக்கும் விளக்கெண்ணெய் குடித்துக்கொள்வார். எனக்கும் ஒரு தம்ளர் வைத்திருப்பார். "குடிடா பயந்தாங்கொள்ளி, வண்டி மட்டும் சுத்தமா இருந்தா போதுமா?" என்பார். அன்று வண்டி ஓடாது. ஓட்டுகிறவனாலும் முடியாது, சொந்தக்காரராலும் முடியாது. எதிர் வீட்டு லாரிக்காரர் வாசலில் நின்று, "இன்னிக்கு ரெண்டு இஞ்சினும் காலி" என்று சிரிப்பார். அவர் தம் லாரிக்கு எண்ணெய் மாற்றியதே கிடையாது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்.

"சொல்தா, எங்கப்பன் உசுரோட இருக்கச்சொல்ல மாத்துன எண்ணெ. இன்னும் ஓடுது பாரு."

"ஓடும். எங்க நிக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

மதாமின் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கடலூர்ப் பக்கம் சீர் ஏற்றிக்கொண்டு போனோம். கட்டில், பீரோ, பித்தளை அண்டா எல்லாம் பின்னால். மதாம் எங்களோடு முன்னால் பட்டுப்புடவையில். பாதி வழியில் சொல்தா கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு, "நிறுத்து" என்றார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது. அவர் கீழே இறங்கி, டிரம்மை இழுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போய்விட்டார். வழியில் செய்கிற விதாஞ்சு என்றால் ஒரு சுருட்டு அணைகிற வரை சொட்டினால் போதுமாம். அதுவும் சட்டத்தில் இருக்கிறதாம்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறலன்னாலும் பரவால்ல, இவரு இஞ்சினுக்கு எண்ணெ ஏறணும்!" என்று மதாம் ரோடு அதிரக் கத்தியது.

அடியிலிருந்து குரல் வந்தது: "தாலிய நாளைக்கும் கட்டலாம்."

நாங்கள் போனபோது பந்தியே நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண்ணுக்கு எண்ணெச் சீரு என்று பேர் வைத்துவிட்டார்கள். ரொம்ப நாள் அந்தப் பேர் போகவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் நான். பிரேக் பிடிக்குமா, பாலம் தாங்குமா, வீட்டில் அடுப்பை அணைத்திருப்பாளா என்று மண்டைக்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு நாள், ஒரு எண் வைத்திருந்த மனுஷர் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

எண்பதுகளில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர்களுக்கு இந்த சொல்தாவைத் தெரியாது. அவர்கள் பார்த்தது வாசலில் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரை. லாரி எதிரில் நின்றாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். "நாள் ஆயிட்டுது முசியே, எண்ணெ மாத்தட்டுமா?" என்று கேட்டால், "உன் இஷ்டம்" என்பார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை முதன்முதலில் கேட்டபோது நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம், "சொல்தா இனிமே தேற மாட்டாரு" என்று சொன்னேன். அப்புறமும் பல வருஷம் இருந்தார். இருந்தார் என்றுதான் சொல்ல முடியும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ரேடியோவில் புயல் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் விதாஞ்சு நாள். என் மனைவி நிறைமாதம்.

"இன்னிக்கு வேணாம் முசியே. வலி கிலி எடுத்தா வண்டி வேணும்."

"நர்சம்மா இன்னும் ஒரு வாரம் இருக்குதுன்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க. ஆனா மழை..."

"எண்ணெக்கு மழை தெரியாது. காலையில ஊத்தி ரெடியா நிறுத்திடறன். நீ போய்ச் சாப்புடு, பயந்தாங்கொள்ளி."

இறக்கிவிட்டார். சாயங்காலம் எண்ணெய்க் கடை ஆள் கொட்டுகிற மழையில் சைக்கிளில் டின்னைக் கொண்டுவந்தான். சொல்தா அதைத் திறந்து விரலில் தொட்டுத் தேய்த்தார். டின்னைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். முப்பது.

"மழைக்காலந்தானே, முப்பது போதாதா?" என்றான் கடை ஆள்.

"உங்க வூட்டாண்ட பனி கொட்டுதா? எடுத்துக்கினு போ. காலையில நாப்பதக் கொண்டா."

அவன் டின்னைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விட்டான். லாரி வெறும் சேம்பரோடு நின்றது.

விடியும்போது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. பிரசவம் பார்க்கிற அம்மாவை முதுகில் சுமக்காத குறையாக அழைத்துவந்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டது.

"கொழந்த குறுக்கால கெடக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுப்பா. இங்க வச்சிருந்தா ரெண்டும் போயிடும்."

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப்பக்கம், டவுனில். பாலத்துக்கு இரண்டு பக்கமும் ரோட்டில் இடுப்பளவு ஓடுகிறது. பஸ் இல்லை. ரிக்‌ஷாவோ மாட்டு வண்டியோ போக முடியாது. எதிர் வீட்டு லாரி லோடோடு திண்டிவனம் போயிருந்தது. அந்தத் தண்ணீரில் இறங்கக்கூடிய வண்டி தெருவில் ஒன்றுதான்.

நான் போனபோது சொல்தா கொட்டகையில் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார், கையில் கழுவின நட்டு. எண்ணெய் இருந்த டிரம் தண்ணீரில் மிதந்து, சுவரில் மெல்ல முட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணெ வரல" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"முசியே, அத ஊத்துங்க."

"எத?"

நான் டிரம்மைக் காட்டினேன்.

"அது பொணம்டா."

"முசியே, கொழந்த குறுக்கால இருக்குது."

"புரிஞ்சிக்கடா. பாதி வழியில இஞ்சின் எறுகிப் புடிச்சிக்கும். பாலத்துக்கு அந்தாண்ட, தண்ணி நடுவுல நின்னுட்டா என்னா பண்ணுவ? அவளத் தூக்கிக்கினு நீந்துவியா?"

அவர் குரலில் இருந்தது பிடிவாதம் இல்லை, பயம். அந்த மனுஷரிடம் பயத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

மதாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தது. "அந்தப் பொண்ணு கத்துறது இங்க வரைக்கும் கேக்குது. வழியில நின்னா நிக்கட்டும். நின்ன எடத்துல பாத்துக்கலாம். இங்கயே கெடந்தா சாவறது நிச்சயம். ஊத்துங்க."

அவர் மதாமைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மூக்குவரை தண்ணீரில் சாய்ந்து, வண்டிக்கு அடியில் போய், நட்டைப் போட்டு முறுக்கினார். மதாம் பழைய புடவை ஒன்றை இரண்டாக மடித்துக் கொடுத்தது. டிரம்மில் மழைத் தண்ணீர் கொஞ்சம் விழுந்து அடியில் தங்கியிருந்தது. அது கலங்காமல் மேலாகவே சொம்பில் மொண்டு மொண்டு கொடுத்தார். நான் புடவை வழியாக வடிகட்டி ஊற்றினேன். கம்பியில் அளவு பார்த்தபோது சரியாக இருந்தது. அவர் பானெட்டின் மேல் விரலால் ஒரு சிலுவை போட்டார்.

"நீங்களும் வாங்க முசியே."

"வரல. என்னால பாக்க முடியாது."

மாமியாரின் மடியில் தலை வைத்து மனைவி பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தாள். நான் ரோட்டைப் பார்த்ததைவிட எண்ணெய் பிரஷர் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு சத்தமும் எஞ்சின் இறுகுகிற சத்தமாகக் கேட்டது. பாலம் ஏறினோம். இறங்கினோம். தண்ணீர் ஹெட்லைட்டைத் தொட்டது. முள் அசையவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது என் கை ஸ்டியரிங்கிலிருந்து பிரியவில்லை, வாட்ச்மேன்தான் பிரித்துவிட்டார்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

அதற்குள் சர்க்கார் ஆட்கள் வந்து லாரியைக் கேட்டார்கள். குருசுக்குப்பத்தில் கடல் ஏறி வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அரிசி மூட்டை எடுக்க வேண்டும். மறுக்க முடியுமா? மனைவியை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓட்டினேன். நாள் கணக்காக, அதே கறுப்பு எண்ணெயில். சொல்தாவுக்குத் தகவல் சொல்ல வழியில்லை.

தண்ணீர் வடிந்து நான் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"எங்க நின்னுது?" என்றார்.

"பொண்ணு பொறந்திருக்குது முசியே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"நல்லது. எங்க நின்னுது?"

"நிக்கல முசியே."

"முள்ளு எறங்கிச்சா?"

"இல்ல."

"சத்தம் மாறிச்சா? சூடு ஏறிச்சா? பொகை?"

"எப்பவும் போலத்தான். இத்தினி நாளும் குருசுக்குப்பத்துல லோடு அடிச்சன், ஒண்ணும் ஆவல." அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் அழுத்திச் சொன்னேன்.

எஞ்சினை ஓடவிடச் சொன்னார். ஒரு நீளமான கம்பியை எடுத்து ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். குறை ஒன்று கிடைக்காதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"அல்ஜெரி சண்டையில மலை மேல எங்க ஆளுங்க இருந்தாங்க" என்றார். "ஒரு நாள் காலையில எதிராளிங்க சுத்திக்கிட்டாங்கன்னு ரேடியோவுல கத்துனாங்க. கீழ எங்ககிட்ட இருந்தது ஒரே லாரி. அன்னிக்கு அதுக்கு விதாஞ்சு. எறக்கி வச்சிருந்தன். புது எண்ணெ வர மத்தியானம் ஆவும். ஆபீசர் கேட்டான், பழசையே ஊத்த முடியாதான்னு. கூடாது, வழியில புடிச்சிக்கும், போறவங்களும் சாவாங்கன்னு சொன்னன். இஞ்சின் விஷயத்துல எம் பேச்சுக்கு அங்க மறுபேச்சு கெடையாது. மத்தியானம் எண்ணெ வந்துது. போனோம்."

"போயி?"

"போனோம். அவ்ளோதான்."

எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. "அது மலை முசியே. பனி. அங்க புடிச்சிதான் இருக்கும்."

"கோடைக்காலம்டா அது." கீழே கிடந்த கம்பியைக் காலால் தள்ளிவிட்டு, "பழைய எண்ணெயில புடிச்சிக்கிட்ட வண்டிய நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. சட்டத்துல இருந்துது. சொன்னன்" என்றார்.

பிறகு எழுந்து முன்னால் ஏறி உட்கார்ந்தார். "கருவடிக்குப்பத்துக்குப் போ."

டவுனைத் தாண்டி வடக்கே போக வேண்டும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அங்கே ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னார். வயதான ஒரு அம்மா வெளியே வந்து, "வாங்க முசியே. புயலுல வூடு கீடு ஒண்ணும் ஆவலியே?" என்று முகம் மலர்ந்தது. சுவரில் பிரெஞ்சுப் பட்டாளத் தொப்பியோடு ஒரு இளவட்டத்தின் போட்டோ, மாலை போட்டு. வருஷா வருஷம் இவர் அங்கே வருவார் என்பதும், மலை மேல் இருந்தவர்களில் ஒருவன் அந்த அம்மாவின் மகன் என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அந்த அம்மா காபி கொடுத்தது. அவர் பாதி குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அம்மா, அன்னிக்கு வண்டியில எண்ணெ இல்ல, போவ முடியலன்னு சொன்னன் இல்ல?"

"ஆமாம். அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க? எண்ணெ இல்லாத வண்டி எப்பிடிப்பா ஓடும்? கேக்கிறவங்களுக்கெல்லாம் நானே அதத்தான் சொல்றன்."

"ஓடியிருக்கும்மா."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தது.

"எறக்குன எண்ணெ பக்கத்துலயே இருந்துது. அத ஊத்தியிருந்தா ஓடியிருக்கும். அப்ப எனக்குத் தெரியல. இப்ப ஊத்திப் பாத்துட்டன்."

வெளியே யாரோ புயலில் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சுவரில் இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தது.

"இத்தினி வருஷம் கழிச்சி இத எதுக்கு எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

அந்த அம்மா எழுந்து வந்து, அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கி, மிச்சமிருந்த காபியை வாசலில் கொட்டிவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்தது.

"இனிமே வராதீங்க முசியே" என்றது. சத்தம் போடவில்லை.

லாரியில் ஏறி உட்கார்ந்தோம். அவர் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடு" என்றார்.

இந்த ஒரு தடவையாவது எஞ்சின் கிளம்பாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சேம்பரில் அதே எண்ணெய்தான் இருந்தது. தொட்டவுடனே ஸ்டார்ட் ஆகி, ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.